லூர்துவிடம் காட்டாத காகிதம்

என் லூர்துக் கண்ணுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை உனக்காக. கோயிலில் மாதாமாதம் போடும் புத்தகத்தில் உன் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். எல்லோருக்கும் போடுகிற அதே நாலு வரி. நான் நம் மகளிடம், “நாலு வரி பத்தாது ஸ்டெல்லா, நான் சொல்லச் சொல்ல நீ எழுது” என்றேன். “அம்மாவுக்குக் கடுதாசியா நைனா? உயிரோட இருந்தப்போ ஒரு சீட்டு எழுதிக் குடுத்திருப்பியா?” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

முதலில் சேதி. நான் சகாயத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அரபு நாட்டுச் சலாலாவில் நம் பிள்ளை படுத்திருக்கும் இடத்துக்குப் போய் வந்தேன். “ஒருவாட்டி என்ன இட்டுகினு போய்யா” என்று எட்டு வருடம் நீ கேட்டுக்கொண்டிருந்த இடம். நீ இருக்கும்போது போகாமல், நீ போன பிறகு போனேன்.

அது ஒரு தப்பு. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அந்த ஊர்ச் சட்டப்படி உடம்பை அனுப்ப மாட்டார்கள் என்று நான் உன்னிடம் சொன்னேனே, அது பொய். அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். அங்கேயே புதைத்துவிடுங்கள் என்று சொன்னவன் நான்தான்.

ஸ்டெல்லா பேனாவை நிறுத்திவிட்டாள். “இன்னா நைனா சொல்ற?” என்கிறாள். எழுதும்மா. முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் திட்டு.

உன் பிள்ளை மாதிரி நம் வீட்டில் வளர்ந்த நெட்டுக்குப்பத்துக் குமார் மஸ்கட்டில் இருக்கிறான் அல்லவா, அவன்தான் எல்லா ஏற்பாடும் செய்தான். சகாயத்தை முதலில் அங்கே அழைத்துப் போனவனும் அவன்தான். கூட வருவதாகத்தான் பேச்சு. கடைசி நேரத்தில் லீவு இல்லை என்றுவிட்டார்கள். மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்குப் பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் பயணம். விடியற்காலையில் ஏற்றிவிட வந்தவன், என் சட்டைப் பையில் ஒரு அட்டையைச் செருகி ஊக்கு குத்தினான். அரபியில், இங்கிலீஷில், மலையாளத்தில் என் பெயர், போகிற ஊர், அவன் போன் நம்பர்.

“இன்னாடா, பார்சலுக்கு ஒட்ற மாதிரி எம்மேல சீட்டு ஒட்ற?”

“பார்சல் தொலஞ்சா கம்பெனி பதில் சொல்லும் நைனா. நீ தொலஞ்சா ஸ்டெல்லாக்காவுக்கு நான்தான் பதில் சொல்லணும். நடுவுல எங்கியும் எறங்கிடாத. கடைசி ஸ்டாப்புதான் சலாலா, இன்னா?”

“முப்பத்தஞ்சு வருஷம் கப்பல்ல சரக்கு ஏத்தி எறக்கினவன்டா நானு.”

“கப்பலு தானா வந்துச்சு, தானா போச்சு. நீ நின்ன எடத்துலயே நின்னுகினு இருந்த. பேசாம ஏறு.”

ஏறினேன். சன்னல் பக்கம் எனக்கு. பஸ் என்றால் நம் எண்ணூர் பஸ் மாதிரி இல்லை லூர்து. உள்ளே குளிர் எலும்பைப் பிடிக்கிறது. வெளியே வெயில் மண்ணை வறுக்கிறது. ஊர் தாண்டி, மலை தாண்டி, பிறகு ஒன்றுமே இல்லை. மரம் இல்லை, வீடு இல்லை. ரோடு மட்டும் கோடு போட்ட மாதிரி போகிறது. எப்போதாவது ஒரு ஒட்டகம் நமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி நிற்கிறது. சகாயம் முதல் முறை இந்த வழியில் போனபோது உனக்குப் போன் பண்ணி, “அம்மா, வழியில கல்லெடுத்து நாயை அடிக்கலாம்னாக்கூட நாயுமில்ல, கல்லுமில்ல” என்றானாமே. நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அதே ரோடு.

யோசித்துப் பார்த்தால் இந்த எழுபத்து மூன்று வயதுக்குள் நான் தனியாகப் பஸ்ஸில் தூரம் போனதே இல்லை. போர்டைப் படிக்க நீ வேண்டும். கான்வென்ட்டில் ஐந்தாவது வரை படித்த பெண் என்று உன்னை எனக்குக் கட்டி வைத்தபோது எங்கள் வீட்டில் அதுதான் பெருமை. ரேஷன் கார்டு, யூனியன் நோட்டீஸ், பென்ஷன் கடிதம், கரண்ட் பில், சகாயத்தின் பாஸ்போர்ட் பாரம், எந்தக் காகிதம் வந்தாலும் உன் கையில் கொடுப்பேன். நீ விரலை ஓட்டிப் படித்து, “இங்க வையி” என்று காட்டுகிற இடத்தில் கட்டைவிரலை வைப்பேன். நீ எனக்குப் படித்துக் காட்டிய காலம் முழுக்க, நீ படிக்காத காகிதத்தில் நான் கைநாட்டு வைத்ததில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர.

சேதி வந்த மூன்றாம் நாள். ராத்திரி தூங்கியவன் காலையில் எழவில்லை, மாரடைப்பு, முப்பத்தொரு வயது என்று குமார் போனில் அழுதான் அல்லவா, அதற்குப் பிறகு மூன்றாம் நாள். நீ சுவரோரம் சுருண்டு கிடந்தாய். ஏஜென்ட் ஆபீசிலிருந்து ஆள் வந்து என்னை அழைத்துப் போனான். ஆபீஸ் எங்கோ இல்லை, நம் தெருவிலிருந்து பத்து நிமிட நடை. கண்ணாடி போட்ட ஒருவர் ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்து நிதானமாகச் சொன்னார்.

“பெரியவரே, உடம்ப ஊருக்கு அனுப்பணும்னா இந்தக் கட்டத்துல கைநாட்டு. மூணு வாரம், நாலு வாரம் ஆகும். அங்கயே உங்க கோயில் முறைப்படி அடக்கம் பண்ணட்டும்னா இந்தக் கட்டத்துல. எதுவானாலும் செலவு கம்பெனியோடது. அவசரமில்ல. வீட்ல கலந்து பேசிட்டு நாளைக்கு வந்தாலும் சரி.”

நல்ல மனுஷர். நாளைக்கு வந்தாலும் சரி என்றார். என்னால் மறக்க முடியாத வார்த்தை அதுதான் லூர்து. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. நான் அங்கேயே, அப்போதே, இரண்டாவது கட்டத்தில் விரலை வைத்தேன்.

வரும் வழியெல்லாம் விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே வந்தேன். மை போகவில்லை. நீ கிடந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டாய்.

“இன்னாய்யா வெரல்ல மை?”

“பென்ஷன் ஆபீஸ்ல. உயிரோட கீறேன்னு வெக்கச் சொன்னாங்கோ.”

அது கார்த்திகையில் வைக்கிற கைநாட்டு. அப்போது சித்திரை வெயில். வருடா வருடம் தேதி பார்த்து என்னை அனுப்புகிறவள் நீ. உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கண்ணை மூடிக்கொண்டாயா? அன்று சாயங்காலம்தான் நான், “அந்த ஊர்ச் சட்டம் அப்டியாம், அனுப்ப மாட்டாங்களாம்” என்றேன். நீ போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து சட்டத்தைத் திட்டினேன். உன்னோடு சேர்ந்து திட்டினேன்.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் ஒரு பட்டாணியர், தையல்காரர். பெயர் நீளமாகச் சொன்னார். எனக்குக் கான் பாய் என்கிற வரைக்கும்தான் பிடிபட்டது. ஹார்பரில் கற்ற என் ஓட்டை இந்தி உனக்குத் தெரியுமே. அதையும் நம் பேச்சையும் கலந்து அடித்தேன். அவர் பேரீச்சம்பழம் கொடுத்தார், “சாச்சா, சாச்சா” என்று சித்தப்பா முறை வைத்து வாஞ்சையாகப் பேசினார். எங்கே போகிறாய் என்றார். மகனைப் பார்க்க என்றேன். மகன் என்ன வேலை என்றார்.

“காம் நஹீ. மர் கயா. உதர் கபர்ல கீறான்.”

வேலை இல்லை, செத்துப்போனான், அங்கே கல்லறையில் இருக்கிறான் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்து ஏதோ வேண்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, ஏன் ஊருக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்டார். அந்தச் சட்டப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒன்பது வருடம் சொல்லிப் பழகியது, வழுக்கிக்கொண்டு வரும். ஏனோ அன்றைக்கு வரவில்லை. “மைனே போலா, இதர் ஹி ரக்கோ” என்றேன். நான்தான் சொன்னேன், இங்கேயே வையுங்கள் என்று. உன்னிடம் வராத உண்மை, ஊர் பேர் தெரியாத ஒருவரிடம், அரைகுறை இந்தியில் வந்தது.

கான் பாய் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “உஸ்கி மா கோ பூச்சா?” அவன் அம்மாவைக் கேட்டாயா?

எனக்கு இந்தி புரியாத மாதிரி நடித்தேன். அவர் இன்னொரு முறை கேட்கவில்லை. சால்வையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

பாதி வழியில் ஹைமா என்று ஒரு இடம். பாலைவனத்துக்கு நடுவில் பெட்ரோல் பங்க், தொழுகைக்கு ஒரு இடம், மலையாளத்துக்காரர் ஓட்டல். சாப்பிட நிறுத்தினார்கள். நான் சாப்பிட உட்காரவில்லை. பின்னால் போய் முகம் கழுவிக்கொண்டு அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பி வந்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறி என் சன்னலோரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கை காலி. கான் பாய் என்மேல் அருவருப்பில் வேறு இடத்துக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். சரிதான், பெற்றவளைக் கேட்காதவன் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கத்தில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஹார்பரில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். லாரி நம்பரைப் படிக்கத் தெரியாது. நிற்கிற இடம்தான் அடையாளம். எடைமேடைப் பக்கம் நிற்பது நம் லாரி என்றால் அதில்தான் ஏற்றுவோம். எங்கள் பஸ் தொட்டிப் பக்கம் நின்றது. ஆனால் நான் முகம் கழுவப் போன நேரத்தில் அது டீசல் போட நகர்ந்துவிட்டது. சலாலாவிலிருந்து மஸ்கட்டுக்குத் திரும்புகிற பஸ், அதே நிறம், அதே கண்ணாடி, அந்த இடத்தில் வந்து நின்றிருக்கிறது.

பஸ் கிளம்பி ரோட்டில் ஏறும்போது யாரோ பக்கவாட்டில் படபடவென்று அடித்தார்கள். பார்த்தால், சால்வை தரையில் இழுபட கான் பாய் ஓடி வருகிறார். “சாச்சா! ஏ சாச்சா! யே மஸ்கட் ஜாத்தா ஹை!” இது மஸ்கட் போகிற பஸ் என்று கத்துகிறார். பஸ் நின்றது. உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். அவர் என் கையைப் பிடித்து, சந்தையில் ஆட்டை இழுப்பது போல இழுத்துக்கொண்டு போனார். கண் தெரியாதா உனக்கு என்று திட்டினார். படிக்கத் தெரியாது என்றேன்.

அவர் நின்று, வாய்விட்டுச் சிரித்தார். தனக்கும் தெரியாதாம். இருபத்திரண்டு வருடமாக அந்த ஊரில் இருக்கிறாராம். டிரைவர் சாப்பிட்டால் இவரும் சாப்பிடுவாராம், டிரைவர் எழுந்தால் இவரும் எழுவாராம். டிரைவரிடமிருந்து கண்ணை எடுக்க மாட்டாராம். “நீ கண்ணை எடுத்துவிட்டாய்” என்றார். பிறகு அந்தக் கேள்வியைப் பற்றி அவர் பேசவே இல்லை. என்னால்தான் அதை விட முடியவில்லை.

ஏன் கேட்கவில்லை? அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன் லூர்து. உன்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். உன்னைக் கட்டுவதற்கு முன்பு. அந்தமானிலிருந்து வந்த கப்பலில் மற்ற சரக்கோடு ஒரு நீளப் பெட்டி இறங்கியது. ஹார்பரில் எங்களுக்கு எழுத்து தெரியாது, படம் தெரியும். குடை போட்டிருந்தால் நனையக் கூடாது. கண்ணாடி டம்ளர் போட்டிருந்தால் உடையும். அம்பு போட்டிருந்தால் அந்தப் பக்கம் மேலே. இந்தப் பெட்டியில் படமே இல்லை, எழுத்து மட்டும்தான். படம் இல்லாத சரக்கை எப்படி வேண்டுமானாலும் போடலாம் என்பது எங்கள் சட்டம். கொக்கி போட்டு இழுத்தோம். முதலில் நிமிர்த்திச் சுவரோரம் சாய்த்தோம். பிறகு இடைஞ்சலாக இருக்கிறது என்று தள்ளிப் படுக்கப் போட்டோம். மதியம் நாங்கள் நாலு பேர் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் தூக்குச் சட்டியைச் சாய்த்ததில் மீன் குழம்பு பலகைமேல் ஓடியது.

சாப்பிட்டு முடிக்கவில்லை, ஒரு கிளார்க்கோடு ஒரு பொம்பளை வந்தாள். கிளார்க் காகிதத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “எறங்குங்கடா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் புருஷன் அதற்குள் இருந்தான். அவள் எங்களைத் திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. உட்கார்ந்து, முந்தானையால் குழம்பைத் துடைத்தாள். துடைத்துவிட்டு அந்த இடத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

சகாயத்தை அனுப்பட்டுமா என்று அந்தக் கண்ணாடிக்காரர் கேட்டபோது நான் பார்த்தது அந்தப் பெட்டியைத்தான். எந்த ஊரில், எந்தக் கொட்டகையில், எத்தனை பேர் என்னை மாதிரி உட்காருவார்களோ. என் பிள்ளையை எவனோ தலைகீழாக நிறுத்துவானோ. அதை நினைத்துத்தான் விரலை வைத்தேன். ஒன்பது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் இது. பிள்ளைமேல் பாசம் என்று இதற்குப் பேர் வைத்திருந்தேன்.

ஹைமாவுக்குப் பிறகு அந்த வெட்டவெளியில் போய்க்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. அந்தப் பொம்பளைக்குப் பெட்டி கிடைத்தது. குழம்பு கொட்டிய பெட்டியானாலும், கட்டிக்கொண்டு அழ ஒன்று கிடைத்தது. உனக்கு நான் அதைக்கூட விடவில்லை. எனக்கு எது தாங்காதோ அது உனக்கும் தாங்காது என்று நானே முடிவு பண்ணினேன். பத்து நிமிடம் நடந்து வந்து, “லூர்து, இப்படி இருக்குது, நீ இன்னா சொல்ற?” என்று கேட்க எனக்கு என்ன கேடு?

கல்லறைத் திருநாள் ஒவ்வொன்றும் எனக்குத் தண்டனையாகத்தான் இருந்தது. ஊரே அவரவர் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றும். நீ மட்டும் நடுவில் இருக்கிற பெரிய சிலுவைக்குக் கீழே போய் நிற்பாய். கல்லறை இல்லாதவர்களுக்கு ஏற்றுகிற இடம் அது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெண்டாட்டிகளோடு நீயும் நின்றாய். உன் பிள்ளைக்குக் கல்லறை இருந்தது லூர்து. நான் கொஞ்சம் தள்ளி நின்று உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ போன பிறகு வந்த திருநாளில் உனக்கு ஏற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் அந்தச் சிலுவைக்குப் போனேன். தீக்குச்சியைக் கிழிக்கக் கை வரவில்லை. அன்றைக்குத்தான் குமாருக்குப் போன் பண்ணினேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எம்.கே.பி. நகரில் உன் தங்கச்சி வீட்டுக்கு எதிர் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் செத்து, உடம்பு பெட்டியில் வந்ததே. நீ சாவுக்குப் போய்விட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் என்னிடம் கேட்டாய்.

“அந்தப் புள்ளய அனுப்சிகிறாங்களே?”

“அது வேற தேசம் லூர்து. அங்க வேற சட்டம்.”

“ஓ” என்றாய். அவ்வளவுதான். அடுத்த வாரம் பென்ஷன் கடிதம் வந்தது. நீட்டினேன். நீ வாங்கவில்லை. “ஸ்டெல்லா கையில குடு. எனக்கு இப்பல்லாம் கண்ணு தெரியல” என்றாய். அதற்குப் பிறகு ஒரு காகிதமும் நீ எனக்குப் படிக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே, விளக்குப் போடாத நேரத்தில், நீ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய். ஒரு கல் தப்பவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டதா லூர்து? தெரிந்தும் எனக்கு மீன் ஆய்ந்து போட்டாயா? ஏன் என் சட்டையைப் பிடிக்கவில்லை?

சலாலாவுக்கு முன்னால் மலை இறங்கும்போது பஸ்ஸுக்குள் எல்லோரும் சன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். அத்தனை நேரமும் வறண்ட மண். ஒரு வளைவு திரும்பினால் புகை மாதிரி பனிமூட்டம், பச்சைப் புல், மாடு மேய்கிறது. கண்ணாடியில் தூறல். “அம்மா, இங்க சாரல் அடிக்குது, நம்ம ஊரு ஐப்பசி மாதிரி கீது” என்று சகாயம் சொன்னபோது நாம் நம்பவில்லை. பாலைவனத்தில் எங்கே சாரல் என்று கேலி செய்தோம். பிள்ளை பொய் சொல்லவில்லை. நம் வீட்டில் பொய் சொன்னது ஒரே ஆள்தான்.

இறங்கும்போது கான் பாய் என் அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “உன்னைச் சரியான இடத்தில் இறக்கிவிட்டேன், இனி உன் பாடு” என்கிற மாதிரி கையை விரித்தார். கட்டிப் பிடித்துக்கொண்டேன். குமாருக்குத் தெரிந்த பையன்களின் அறையில் தங்கி, காலையில் போனேன்.

கல்லறைத்தோட்டம் சின்னது. காவல்காரர் கேரளத்துக்காரர், என் வயதுக்கு இரண்டு மூன்று குறைவாக இருக்கும். சிமெண்டுச் சிலுவைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தகடு. சாரல் காலம் என்பதால் புல் முட்டி வரைக்கும் மண்டியிருந்தது. அவர் நம்பர் பார்த்து நடந்து, ஒரு இடத்தில் நின்று, “இதாணு அப்பச்சா” என்றார். நான் தகட்டைத் தடவினேன். எனக்கு என்ன தெரியும்? “சத்தமாப் படி” என்றேன். அவர் நம்பரை மட்டும் படித்தார். பெயர்? பெயர் இல்லை. நம்பர்தான்.

அங்கே உட்கார்ந்து புல்லைப் பிடுங்கினேன். அழவில்லை. கை ஓயும் வரைக்கும் பிடுங்கினேன். நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று தெரியும். தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டிருப்பாய். நானும் கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தேன். சட்டையெல்லாம் ஈரம். காவல்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிறகு அவர் ஒரு காகிதம் கொண்டு வந்தார். பழைய தகடுகளை எடுத்துவிட்டுக் கல் வைக்கப் போகிறார்களாம். வீட்டார் பெயரும் இரண்டு வரியும் கொடுத்தால் பொறிப்பார்களாம், தமிழிலும் பொறிப்பார்களாம். கொடுக்காவிட்டால் மறுபடியும் நம்பர்தான். ஒப்பம் வேண்டும் என்றார். என் கையைப் பார்த்துப் புரிந்துகொண்டு, உள்ளே போய் மைப்பெட்டியும் எடுத்து வந்தார். மூடியைத் திறந்து நீட்டினார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“வூட்ல கேக்கணும்” என்றேன்.

“வீட்டில் ஆராணு?” என்று கேட்டார்.

வாய் உன் பெயரைச் சொல்லப் போனது. அப்போதுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது. “மகள் கீது” என்றேன். அவர் காகிதத்தை நாலாக மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார். திரும்பி வந்த பகல் முழுக்க அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

இந்த இடம் வந்ததும் ஸ்டெல்லா எழுந்து போய்விட்டாள். குழாயடியில் குடத்தை வைக்கிற சத்தம் கேட்டது. குடம் நிறைந்து வழிந்தது, அவள் மூடவில்லை. திரும்பி வந்து நின்றுகொண்டே பேசினாள்.

“நானும் எங்கண்ணன் மூஞ்சியப் பாக்கல நைனா. அம்மாவ மட்டும்தான் ஏமாத்தினேன்னு சொல்லிகினு கீற. நான் அந்த வூட்லதான இருந்தேன்? எனக்குப் படிக்கத் தெரியும்ல? ஆபீசுக்கு என்ன இட்டுகினு போயிருக்கலாம்ல?”

லூர்து, இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்பது வருடத்தில், அத்தனை நீளப் பஸ் பயணத்தில், ஒரு முறைகூட அவள் என் நினைப்பில் வரவில்லை. தலையைக் குனிந்தேன். இதையெல்லாம் கோயில் புத்தகத்துக்கு வேண்டாம், நாலு வரி மட்டும் போட்டுவிடலாம் என்றேன்.

“போடணும். முழுசாப் போடணும்” என்றாள். “தெரு பூரா வந்து ‘சட்டம் அப்டியாமே’ன்னு அம்மாகிட்ட துக்கம் கேட்டுச்சு. தெருவுக்கும் தெரியட்டும்.” உட்கார்ந்து பேனாவை எடுத்துவிட்டாள். கோபம் தீரவில்லை. எழுத்து காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்தமாக விழுகிறது.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நீ வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் இருக்கும்போது மன்னிப்பை நானே எடுத்துக்கொண்டால், அதுவும் உன்னைக் கேட்காமல் செய்த இன்னொரு காரியம் ஆகிவிடும்.

வருகிற கல்லறைத் திருநாளுக்கு ஸ்டெல்லாவை அதே பஸ்ஸில் சகாயத்திடம் அழைத்துப் போகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லத் தொடங்கினேன். அவள் எழுதவில்லை. நிமிர்ந்து பார்த்து, “என்னக் கேட்டியா?” என்றாள்.

கேட்கவில்லை. அதனால் வாக்கை மாற்றிச் சொல்கிறேன். அவளைக் கேட்பேன். இன்றைக்கே பதில் சொல் என்று நிற்க மாட்டேன். கல்லில் என்ன எழுதுவது, எப்போது போவது, என்னோடு போவதா வேண்டாமா என்று அவள் சொல்வாள். அவள் வேண்டாம் என்றால், ஏன் என்றும் கேட்காமல் நான் தனியாகப் போய்ப் புல்லைப் பிடுங்கிவிட்டு வருவேன். இந்த வாக்கு உன்னிடம் சொல்வது மட்டும் இல்லை, எழுதுகிறவள் கையிலும் கொடுக்கிறேன்.

சகாயத்துக்கும் ஸ்டெல்லாவுக்கும் நைனா,
உன் வீட்டுக்காரன்
அந்தோணி